கடைசிப் பதினைந்து நிமிடம்: சிறுமியர் சாஃப்ட்பால் பயிற்சியை முடித்துவைக்கும் போட்டிகள்

சாஃப்ட்பால் பயிற்சியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தைப் போட்டி விளையாட்டுக்கு ஒதுக்குவது அமெரிக்கச் சிறுமியர் அணிகளில் பரவலான வழக்கம். அதற்கு முன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தரையில் உருண்டு வரும் பந்தைப் பிடிப்பது, குறிபார்த்து எறிவது, மட்டை சுழற்றுவது என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்திருப்பார்கள். கால்கள் சோர்ந்திருக்கும், கவனம் அதற்கும் முன்பே சோர்ந்திருக்கும். அந்த நேரத்தில் பயிற்சியாளர் அணியை இரண்டாகப் பிரித்துப் புள்ளி எண்ணத் தொடங்குகிறார். செய்யப்போவது அதே பிடித்தலும் எறிதலும்தான். ஆனால் எதிரே ஓர் அணி நிற்கிறது, கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அரை மணி முன்பு தவறவிட்ட பந்தின் பின்னால் நிதானமாக நடந்துபோன சிறுமி இப்போது விழுந்து புரண்டு அதை மறிக்கிறாள்.

சாஃப்ட்பாலே பொழுதுபோக்காகப் பிறந்த ஆட்டம். 1887ஆம் ஆண்டு நன்றி தெரிவிக்கும் நாளன்று, சிகாகோவின் ஃபாரகட் படகுக் கழகத்தில் சில இளைஞர்கள் ஹார்வர்டு–யேல் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முடிவுக்காகக் காத்திருந்தார்கள். முடிவு வந்த உற்சாகத்தில் ஒருவர் அங்கே கிடந்த குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் கையில் இருந்த கம்பால் அதை அடித்தார். உடனிருந்த ஜார்ஜ் ஹான்காக் என்ற நிருபர் அந்தக் கையுறையையே பந்துபோலக் கட்டி, கூடத்துக்குள் பேஸ்பால் நடத்திக் காட்டினார். சாஃப்ட்பால் என்ற பெயர் 1926இல்தான் வந்தது.

கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைர வடிவ மைதானத்தில் நான்கு மூலைகள்: ஹோம் பிளேட், முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். பிட்சர் கையைச் சுழற்றி, இடுப்பளவில் கீழிருந்து பந்தை வீசுவார். அடித்தவர் பேஸ்களை வரிசையாகத் தொட்டு ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணி மட்டையெடுக்கும். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர், மொத்தம் ஏழு இன்னிங்ஸ். பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடி, அதாவது 18 மீட்டருக்குச் சற்று அதிகம். பேஸ்பாலில் இதுவே 90 அடி. பளிச்சென்ற மஞ்சள் நிறப் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பத்து வயதுக்குட்பட்டோருக்கு 11 அங்குலம். பெயரில் 'சாஃப்ட்' இருக்கிறதே தவிர, பந்து நல்ல கெட்டி.

மைதானம் சிறியது என்பதால் எல்லாமே அவசரம்தான். நன்றாக ஓடத் தெரிந்த பெண் அடித்த சுமார் மூன்று விநாடிக்குள் முதல் பேஸில் இருப்பாள். பந்தை எடுக்கும்போது ஒருமுறை கை தடுமாறினாலே அவளை அவுட்டாக்கும் வாய்ப்பு போய்விடும். பயிற்சி முடிவில் ஆடும் போட்டிகள் அநேகமாக எல்லாமே கடிகாரத்தோடும் குறியோடும் மோதுபவையாக இருப்பதன் காரணம் இது.

முடிவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? உளவியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. 1993இல் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். பங்கேற்றவர்கள் 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு மேலும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் மட்டும் நீரின் குளிர் ஒரு டிகிரி அளவுக்குக் குறைக்கப்பட்டது. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை கூடியிருந்தும், முடிவு இதமாக இருந்தது போதுமானதாகிவிட்டது. ஆய்வுக்கூடத்துக் குளிர்நீரை வைத்து விளையாட்டு மைதானத்தை முழுக்க விளக்கிவிட முடியாது. ஆனாலும் பயிற்சியிலிருந்து வீட்டுக்குப் போகிற குழந்தையிடம் "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் முதலில் வருவது கடைசியாக ஆடியதுதான் என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமாண்டா விசெக் குழுவினரின் ஆய்வு. இளையோர் கால்பந்தில் ஆடுபவர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர் ஆகியோரிடம் விளையாட்டில் எது மகிழ்ச்சி தருகிறது என்று கேட்டுத் தொகுத்ததில் 81 காரணங்கள் கிடைத்தன. வெற்றிக்குக் கிடைத்த இடம் 48. முழு மூச்சாக முயல்வது, அணிக்குள் நல்லுறவு, பயிற்சியாளர் நடந்துகொள்ளும் விதம் ஆகியவை உச்சியில் இருந்தன. போட்டி வேண்டும், கோப்பை வேண்டியதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கடைசி ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியதும் இதுவே.

எல்லா வயதிலும் எடுபடுவது பேஸ் தொடரோட்டம். ஓர் அணி ஹோம் பிளேட்டில், மற்றது நேர் எதிரே இரண்டாம் பேஸில் வரிசை கட்டும். ஒவ்வோர் அணியின் முதல் ஆள் கையிலும் ஒரு பந்து. விசில் ஊதியதும் இருவரும் இடஞ்சுழியாக ஒரே திசையில் ஓடி, நான்கு பேஸையும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து அடுத்தவள் கையில் பந்தைக் கொடுக்க வேண்டும். மொத்தம் 240 அடி, சுமார் 73 மீட்டர். இரு அணிகளும் சரியாக அரைச் சுற்று இடைவெளியில் தொடங்குவதால் யார் முந்துகிறார்கள் என்பது முதலில் தெரியாது. மூன்றாவது நான்காவது ஆள் ஓடும்போது இடைவெளி ஒரு பக்கம் சுருங்கத் தொடங்கும். கூச்சல் உச்சிக்குப் போவது அப்போதுதான்.

வேகமாக ஓடுகிற அணிதான் ஜெயிக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பேஸை நோக்கி நேர்க்கோட்டில் ஓடி வருபவள் அதைத் தொட்டதும் திரும்ப முடியாமல் நாலைந்து எட்டு வெளியே போய்விடுகிறாள். தெரிந்தவள் பேஸுக்குச் சில எட்டு முன்பே வலப்பக்கம் லேசாக விலகி, வளைந்து வந்து, உடலை இடப்பக்கம் சாய்த்து, பேஸின் உள்மூலையை மிதித்து உந்திக்கொண்டு அடுத்த பேஸை நோக்கி நேராகப் புறப்படுகிறாள். இந்த வளைவைத் தனிப் பயிற்சியாகப் பத்துமுறை சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறாது. எதிரணிக்காரி பின்னால் நெருங்கும்போது ஒரே நாளில் ஏறிவிடும். பேஸைத் தொடாமல் ஓடினால் திரும்பி வந்து தொட வேண்டும் என்ற விதியைப் பயிற்சியாளர் கண்டிப்பாக வைத்திருக்க வேண்டும். அதைக் கவனிக்க ஒவ்வொரு பேஸிலும் ஒரு பெற்றோரை நிறுத்தலாம். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுச் சுற்று அதிகம்; இரண்டு பேஸ் வரை ஓடினால் போதும். ஒரு பக்கம் ஆள் குறைந்தால் ஒருத்தி இரண்டுமுறை ஓட வேண்டியிருக்கும். அதற்கு அணியின் அதிவேகக்காரியைத் தேர்ந்தெடுத்தால் போட்டி அங்கேயே முடிந்துவிடும்.

ஓடுபவரைப் பந்தோடு மோதவிடுவது இன்னொரு நல்ல ஆட்டம். பயிற்சியாளர் பந்தைத் தரையோடு அடித்ததும், ஹோம் பிளேட்டில் நிற்பவள் முழுச் சுற்று ஓடத் தொடங்குகிறாள். களத்தில் இருப்பவர்கள் பந்தை எடுத்து முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு வரிசையாக எறிந்து ஹோம் பிளேட்டின் பின்னால் நிற்கும் கேட்சர் கைக்குச் சேர்க்க வேண்டும். பேஸ்களைச் சுற்றிவரும் தூரம் பந்துக்கும் ஓடுபவளுக்கும் ஒன்றுதான். எறிவதில் பிசகே இல்லை என்றால் பந்து எளிதாக வென்றுவிடும். ஒரே ஒரு எறி தலைக்கு மேலே போனாலும் ஓடுபவள் வென்றுவிடுவாள். கால்களைவிடப் பந்து வேகமானது, ஆகவே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடாதே, எறி என்ற பாடம் இதைவிடத் தெளிவாகக் கிடைக்காது. பதினான்கு வயது அணிகளில் பந்து எப்போதுமே ஜெயித்தால் அதை இரண்டு சுற்று வரச் செய்து சமன்படுத்தலாம். ஓடுபவர்கள் தலைக்கவசம் அணிந்தே ஓட வேண்டும்.

வரிசை எறிதலில் நாலைந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் இணைகோடுகளில், ஆளுக்கு ஆள் 15 மீட்டர் இடைவெளியில் நிற்கும். பந்து ஒரு முனையிலிருந்து கைமாறி மறுமுனைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். எந்த அணியின் பந்து முதலில் வருகிறதோ அதற்குப் புள்ளி. நடுவில் நிற்பவர்களின் வேலைதான் இதில் பார்க்க வேண்டியது. வலக்கையால் எறிபவளுக்குக் கையுறை இடக்கையில் இருக்கும். பந்து வரும்போதே உடலைப் பக்கவாட்டில் திருப்பி, இடத்தோள் அடுத்த ஆளை நோக்கி இருக்குமாறு நின்று பிடித்தால், அரைத் திருப்பத்தில் எறிந்துவிடலாம். நேராக நின்று பிடித்து, பிறகு வலப்பக்கமாகச் சுற்றித் திரும்பினால் ஒரு விநாடி போயிற்று. மைதானத்தின் ஓரத்திலிருந்து வரும் நீண்ட எறியை நடுவில் வாங்கி ஹோமுக்கு அனுப்பும் வேலைக்கு இது நேரடிப் பயிற்சி. கை இரண்டையும் உயரத் தூக்கி, "இங்கே! இங்கே!" என்று கத்தி எறிபவளுக்கு இலக்கு காட்டும் பழக்கமும் இதிலேயே வந்துவிடும்.

குறி தவறாமல் எறிவதற்கு அமெரிக்கக் குழந்தைகள் ஆடுவது இருபத்தொன்று. இருவர் எதிரெதிரே நின்று மாறி மாறி எறிவார்கள். எதிராளியின் மார்புக்கு நேரே வந்தால் இரண்டு புள்ளி, தலைக்கும் இடுப்புக்கும் இடையே வேறெங்கே வந்தாலும் ஒன்று, எட்டி நகர்ந்து பிடிக்கும்படி இருந்தால் பூஜ்யம். முதலில் 21 எடுப்பவர் வெற்றி. புள்ளிமுறையை அணிக்கு அணி மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல எறியைப் பிடிப்பவள் தவறவிட்டாலும் எறிந்தவளுக்குப் புள்ளி உண்டு என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேண்டுமென்றே நழுவவிடுவார்கள்.

வெளிக்களத்தில் நிற்பவர்களுக்கு வாளி ஆட்டம். ஹோம் பிளேட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியை, வாய் மைதானத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைத்துவிடுவார்கள். சுமார் 30 மீட்டர் தூரத்திலிருந்து ஒரே குத்தில் பந்து வாளிக்குள் போனால் ஐந்து புள்ளி, வாளியில் பட்டால் இரண்டு. உள்ளே விழுவது அபூர்வம். விழுந்துவிட்டால் மைதானமே அதிரும். எறிந்தது அணியின் மிகச் சாதாரண ஆட்டக்காரியாகவும் இருக்கலாம். இந்த ஆட்டத்தின் சிறப்பே அதிர்ஷ்டத்துக்கு அதில் உள்ள பங்கு. திறமை மட்டுமே தீர்மானிக்கும் போட்டியில் முதல் மூன்று பேர் எப்போதும் ஒரே மூன்று பேராக இருப்பார்கள். மற்றவர்களுக்கு சீக்கிரமே அலுத்துவிடும்.

பன்ட் அடிப்பதற்கும் இப்படி ஒரு போட்டி உண்டு. மட்டையைச் சுழற்றாமல், வரும் பந்தை மென்மையாகத் தடுத்து ஹோம் பிளேட்டுக்கு அருகிலேயே விழச்செய்வதுதான் பன்ட். முதல், மூன்றாம் பேஸ் கோடுகளை ஒட்டிக் கயிற்றாலோ சுண்ணாம்பாலோ வட்டங்கள் போட்டு, பந்து எந்த வட்டத்தில் நிற்கிறதோ அதற்கேற்பப் புள்ளி தரலாம். பிட்சரின் கைக்கு நேராகப் போனால் ஒன்றுமில்லை. அதிகச் சத்தமில்லாத ஆட்டம். மழை வரும்போல இருக்கும் மாலைகளுக்குச் சரி.

தவறினால் வெளியேறு என்ற வகை ஆட்டங்கள் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தவை. அவற்றில்தான் சிக்கலும் அதிகம். எல்லோரும் வரிசையில் நின்று, பயிற்சியாளர் தரையோடு அடிக்கும் பந்தைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிய வேண்டும். தடுமாறினால் அவுட், கடைசிவரை நிற்பவர் வெற்றி. பார்க்கப் பரபரப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதிகப் பயிற்சி தேவைப்படுகிற குழந்தை இரண்டாவது பந்திலேயே வெளியேறி, மீதி நேரம் முழுக்க வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நன்றாக ஆடுபவளுக்குத்தான் மேலும் மேலும் பந்து கிடைக்கும். அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியர் நீல் வில்லியம்ஸ் 1992இல் பள்ளிகளில் ஆடவே கூடாத விளையாட்டுகளின் 'அவமானப் பட்டியல்' ஒன்றை எழுதத் தொடங்கினார். பந்தை எறிந்து எதிராளியை வெளியேற்றும் டாட்ஜ்பாலும் இசை நாற்காலியும் அதில் இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்: பெரும்பாலானவர்கள் சும்மா நிற்கிறார்கள், பலவீனமானவர் எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுகிறார். ரிலே பந்தயங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அது சற்று அதிகம். வரிசை நீளாமல் நாலைந்து பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரித்தால் தொடரோட்டத்தில் யாரும் சும்மா நிற்க வேண்டியதில்லை. வெளியேற்றும் ஆட்டத்திலும் சிறு திருத்தம் செய்யலாம். அவுட்டானவள் பக்கத்தில் நடக்கும் இன்னொரு வரிசைக்குப் போய், அங்கே மூன்று பந்தைச் சுத்தமாகப் பிடித்தால் ஆட்டத்துக்குத் திரும்பலாம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு பேஸ்களுக்கு நடுவே ஒருத்தி மாட்டிக்கொண்டு, இருபுறமும் பந்தோடு விரட்டப்படும் நிலை ஆட்டங்களில் அவ்வப்போது வரும். அதையே போட்டியாக்கினால் பெண்கள் நிறுத்தவே விடமாட்டார்கள். ஓர் எறியிலோ எறியாமலோ அவளைத் தொட்டுவிட்டால் விரட்டுபவர்களுக்கு இரண்டு புள்ளி, இரண்டு எறி ஆனால் ஒன்று, அதைத் தாண்டியும் தப்பித்தால் ஓடியவளுக்கு இரண்டு. எறி குறைய வேண்டும் என்ற இந்தக் கணக்கு, பந்தை உயர்த்திப் பிடித்தபடி ஓடுபவளை நோக்கி நேராக விரையக் கற்றுக்கொடுக்கிறது. இந்த ஆட்டத்தில் ஓடுபவள் முதுகில் பந்து படுவது சாதாரணம் என்பதால் கெட்டிப் பந்தைத் தவிர்த்து மென்மையான பயிற்சிப் பந்தைத்தான் பயன்படுத்த வேண்டும். விரட்டுபவர்கள் இருவரும் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்றால் எறிய வழி கிடைக்கும்.

பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு ஆட்டச் சூழ்நிலையையே சிறு போட்டியாகத் தரலாம். இதற்கு சாஃப்ட்பால் விதியே கைகொடுக்கிறது. சமநிலையில் முடிந்த ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போகும்போது, இரண்டாம் பேஸில் ஒருவரை நிறுத்திவைத்தே தொடங்கும் முறை இதில் நெடுங்காலமாக உண்டு. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகே 2020இல் அதைக் கடன் வாங்கிக்கொண்டது. "ஏழு இன்னிங்ஸ் முடிந்தது, சமநிலை, இரண்டாம் பேஸில் ஆள் இருக்கிறாள், யாரும் அவுட் இல்லை" என்று பயிற்சியாளர் அறிவிப்பார். ஓர் அணி ரன் எடுக்க முயலும், மற்றது தடுக்கும். பிறகு இடம் மாறும். பத்தே நிமிடத்தில் தொடக்கம், நெருக்கடி, முடிவு மூன்றும் வந்துவிடும். பன்ட் அடித்து ஆளை மூன்றாம் பேஸுக்கு நகர்த்துவதா, ஓங்கி அடிப்பதா என்பதைப் பெண்களே கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். பயிற்சியாளர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த ஆட்டம் இரட்டிப்பு நன்றாக இருக்கும்.

ஜூலை வெயிலில் மேற்சொன்ன எதுவும் வேண்டாம். இருவர் இருவராக நின்று தண்ணீர் பலூனை எறிந்து பிடித்து, ஒவ்வொரு முறையும் ஓர் எட்டு பின்வாங்குவது போதும். பலூன் உடையாமல் இருக்க வேண்டுமானால் கைகளைப் பலூனோடு சேர்த்துப் பின்னுக்கு இழுத்து வாங்க வேண்டும். பன்ட் அடிக்கும்போது மட்டைக்குத் தேவைப்படும் மென்மையும் அதுவே.

எந்த ஆட்டமாக இருந்தாலும், அணி பிரிக்கும் விதம் அதைக் கெடுக்கவும் கூடும். இரண்டு தலைவிகள் மாறி மாறி ஆள் தேர்ந்தெடுப்பது வேண்டாம்; கடைசியாக அழைக்கப்படும் குழந்தைக்கு அன்றைய பயிற்சியின் முடிவு அதுவாகிவிடும். பிறந்த மாதம், சட்டை எண் இரட்டையா ஒற்றையா என்று ஏதாவது சாக்குச் சொல்லிப் பயிற்சியாளரே பலத்தைச் சமமாகப் பங்கிட்டுவிடலாம். தோற்ற அணி மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்ற தண்டனை பல இடங்களில் இன்னும் இருக்கிறது. உடற்பயிற்சியைத் தண்டனையாகத் தரக் கூடாது என்பது உடற்கல்வி ஆசிரியர்களுக்கான ஷேப் அமெரிக்கா அமைப்பின் நிலைப்பாடு. ஓடுவதைத் தண்டனையாக்கிவிட்டு, குழந்தை ஆசையாக ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமும் இல்லை. தோற்றவர்கள் பந்துகளைப் பொறுக்கி வாளியில் போடட்டும். அதிகபட்ச தண்டனை அதுதான்.

கடைசி நிமிடங்களில் காயம் வர வாய்ப்பு அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. சோர்ந்த தோளால் முழு பலத்தோடு எறிவது நல்லதல்ல. அன்று நிறைய வீசிய பிட்சர்களுக்கு ஓட்டமோ பன்டோ கொடுக்கலாம், எறியும் போட்டி வேண்டாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் 413 பந்துகள் வீசித் தங்கம் வாங்கித் தந்தார். அது ஒரு சாதனை. பதினோரு வயதுப் பெண்ணுக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது. சறுக்கிப் பேஸைத் தொடுவதையும் அந்த நேரத்தில் தவிர்ப்பது மேல்.

ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்பதற்கு அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் சொல்லும் கணக்கு எளிது. "இன்னும் ஒரு தடவை!" என்று கெஞ்சும்போதே நிறுத்த வேண்டும். கெஞ்சல் அடங்கி, ஒருவரையொருவர் குறை சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்தினால் பிந்திவிட்டது. ஒரே ஆட்டத்தை வாரந்தோறும் ஆடினாலும் சலித்துவிடும்; நாலைந்து ஆட்டங்களைச் சுழற்சியில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டுக்கும் இது அந்நிய ஆட்டமல்ல. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகளில் சாஃப்ட்பாலும் உண்டு. 2008க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டு, டோக்கியோவில் ஒருமுறை தலைகாட்டிய இந்த ஆட்டம், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் வருகிறது. நம் பள்ளி மைதானங்களில் கையுறைகளும் தலைக்கவசங்களும் போதாமல் இருப்பது வழக்கம். பேஸ் தொடரோட்டத்துக்கு இவை இரண்டுமே தேவையில்லை. வரிசை எறிதலையும் இருபத்தொன்றையும் டென்னிஸ் பந்தில் வெறுங்கையோடு ஆடலாம். வாளி எந்தப் பள்ளியிலும் கிடைக்கும். கிரிக்கெட், கபடி அணிகளுக்குப் பயிற்சி தரும் உடற்கல்வி ஆசிரியர்களும் வரிசை எறிதலையும் வாளியையும் அடுத்த வாரமே தாராளமாக முயன்று பார்க்கலாம்.